நாலாம் குழிக் கவ்வாத்து

அந்தப் பாடசாலைக்குள் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது என்று சொன்னால் பதுளைக் கடைத்தெருவில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர், அதுவா, மாடு மேய்கிற இடமல்லவா என்பார்கள். இரண்டு தரப்பையும் குறை சொல்ல முடியாது. மொத்தமே ஆறு குழிதான். பதினெட்டு ஆட ஆசைப்படுகிறவர் அதே ஆறை மூன்று தடவை சுற்றி வரவேண்டும். முதலாம் குழிக்கு அடிக்கும்போது பையன்கள் தங்கும் விடுதியின் ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பயப்பட வேண்டும். இரண்டாம் குழிக்குச் சமையற்கட்டின் புகைபோக்கிதான் குறி. ஐந்தாம் குழியில் பந்து சிற்றாலயத்தின் கூரைமேல் போய் உட்கார்ந்துகொண்டால் தண்டனை இல்லாமல் மறுபடி அடிக்கலாம் என்று ஒரு சட்டம். உலகத்தில் வேறெந்த ஊரிலும் அப்படியொரு சட்டம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஆனாலும் அழகு என்றால் அப்படியோர் அழகு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் ஒருவர், சொந்த ஊர் நினைப்பு வந்து, சரிவு முழுக்க மரங்களை இடைவெளி விட்டு நட்டு, நடுவில் புல்லை வளரவிட்டுப் போயிருக்கிறார். காலையில் பனி கலைந்து அந்த மரங்களுக்கிடையே வெயில் சாய்ந்து படுக்கும்போது, கையில் மட்டை இல்லாதவனுக்கும் அங்கே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம் போலிருக்கும்.

மருதமுத்து அங்கே புல்வெட்டும் வேலைக்கு வந்தது அழகைப் பார்த்து அல்ல. ஒரு கதவைப் பார்த்து.

ஆறாம் குழிக்கு அந்தப்புறம் ஒரு பேரிக்காய் மரத்தடியில் சின்னதாக ஒரு வீடு இருந்தது. ஒரு அறை, ஒரு குசினி, தகரக் கூரை, பச்சைச் சாயம் பூசிய முன்கதவு. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேலை நிரந்தரமானால் அந்த வீட்டையும் கொடுப்பது அந்தப் பாடசாலையின் வழக்கம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மருதமுத்துவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷமாகச் செய்த வேலையை விட்டுவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வந்து புல் வெட்டினான். காட்டுப்பன்றி கிண்டிப்போட்ட இடங்களை மண் போட்டுச் சமப்படுத்தினான். தோட்டத்திலிருந்து ஒருவன் தானாக வெளியே வந்து மாதக்கணக்கில் தற்காலிக வேலை பார்க்கிறான் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்தது. அவன் காதில் வாங்கவில்லை.

அவனுடைய மனைவி விஜயலெட்சுமி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். போய் ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும், மறுபடி கையெழுத்துப் போடுவாள். நடுவில் ஒரே ஒரு தடவை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். சம்பாதிக்கப் போனவள் என்று, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மைதான். அவளைக் குவைத்துக்கு அனுப்பியது ஒரு பேச்சு.

லயத்தில் அவர்கள் குடும்பத்துக்கு இருந்தது ஒரே காம்பரா, ஒற்றை அறை. அவனுடைய அண்ணனும் அண்ணியும் அவர்களின் நான்கு பிள்ளைகளும் உள்ளே படுப்பார்கள். மருதமுத்துவும் விஜயலெட்சுமியும் முன்புறத்துத் திண்ணையான இஸ்தோப்பில், ஒரு பழைய சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடிற்று. பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று. ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் விஜயலெட்சுமி வாய் தவறி ஓர் ஆசையைச் சொல்லிவிட்டாள். இஸ்தோப்பைப் பலகை அடித்து மறைத்து ஒரு கதவு வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றாள். அவ்வளவுதான். அண்ணி குடத்தை நிமிர்த்திக்கொண்டே கேட்டாள்.

"ஒனக்கு எதுக்குடி கதவு? உள்ள என்ன, தொட்டிலா ஆடுது?"

பீலியடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அண்ணி கெட்டவள் இல்லை, வாய்தான் அப்படி என்று பிறகு ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். சொன்னவர்கள் வாயிலும் கொஞ்சம் மண்ணைப் போட்டிருக்க வேண்டும். அந்த மாதமே விஜயலெட்சுமி பதுளையில் ஏஜென்சிக்காரனைப் பார்த்துவிட்டாள். மருதமுத்து கெஞ்சினான், சத்தம் போட்டான், சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் விமான நிலையத்தில், உள்ளே போகிறவர்களை மறிக்கும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவள் திரும்பி வரும்போது தங்களுக்கென்று ஒரு கதவு இருக்கும் என்று வாக்குக் கொடுத்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அந்த வாக்கைக் கட்டிக்கொண்டுதான் அவன் ஆறு வருஷத்தைத் தள்ளினான்.

இப்போது அவளுடைய ஒப்பந்தம் மறுபடி முடியப்போகிறது. வருகிறாளா, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாளா என்று அந்த வீட்டு அம்மாவுக்கு அவள் சொல்லியாக வேண்டும். மருதமுத்துவுக்கோ தற்காலிகத் தவணை முடிகிற நேரம். பழைய மாணவர்கள் வருஷா வருஷம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து ஆடுவார்கள், அது முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று பேச்சு. பேரிக்காய் மரத்தடி வீட்டை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினான். குசினியில் அடுப்பை எந்த மூலையில் வைக்கலாம் என்று ஒரு குரல் பதிவும் போட்டான். நல்லா இருக்குங்க என்று சொன்னாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அவளுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இந்த இடத்தில்தான் நாலாம் குழி குறுக்கே வந்தது.

நாலாம் குழிக்குப் பின்னால் ஒரு வேலி. ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, கரும்பச்சையாக, சுவர் மாதிரி நின்றது. கமேலியா என்ற செடி. அதையும் அந்த வெள்ளைக்காரர்தான் நட்டாராம். மாசியில் அந்த வேலி முழுக்கச் சிவப்பாகப் பூக்கும். பழைய மாணவர்கள் மாசியில் வருவதே அதற்காகத்தான். ஆட்டம் முடிந்து எல்லோரும் அந்தச் சிவப்புச் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்கள் தலைமையாசிரியரின் அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபம்வரை வரிசையாகத் தொங்குகின்றன. மருதமுத்து வேலைக்குச் சேர்ந்தது ஆவணியில். சாப்பாட்டு மண்டபத்துக்குள் அவனுக்கு வேலை இல்லை. ஆகவே அவன் அந்த வேலி பூத்துப் பார்த்ததும் இல்லை, படத்தைப் பார்த்ததும் இல்லை.

கோல்ஃபுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா சேர். கணித ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி வந்து மலையிலேயே தங்கிவிட்டவர். புல்லைக்கூட அளவுகோல் வைத்துப் பார்க்கிற ஆள். ஆனால் யாரையும் வாடா போடா என்று அழைத்ததில்லை. ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பரீட்சை வேலையாகக் கொழும்புக்குப் புறப்பட்டவர், நாலாம் குழி வேலி தாறுமாறாக வளர்ந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிவிடும் என்று மருதமுத்துவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

மருதமுத்து காலையில் கத்தியோடு போனான். புல்வெட்டும் இயந்திரத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கையில் கத்தி வந்ததே ஒரு சுகமாக இருந்தது. தோட்டத்தில் அவன் சாதாரண ஆள் இல்லை, கவ்வாத்துக்காரன். வளர்ந்து முற்றிப்போன தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளி, மறுபடி துளிர்க்க வைக்கிற வேலைக்கு மலையில் கவ்வாத்து என்று பேர். எல்லோர் கைக்கும் அது வராது. கத்தி ஒரே வீச்சில் இறங்க வேண்டும், வெட்டு வாய் பிளக்கக் கூடாது.

முதலில் வெளிப்பக்கத்தைத்தான் சீவினான். சீவும்போது உள்ளே பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. வெளியே பச்சையாக நின்ற வேலி உள்ளே வெறும் கூடு. பாசி பிடித்த கொம்பும் காய்ந்த குச்சியும். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினான். தடிப்பு, ஓரத்தில் பல், நடுநரம்பு. தேயிலைக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருந்தது. அப்புறம் கிளையைத் தாழ்த்திப் பார்த்தவனுக்கு நெஞ்சு திக்கென்றது. கிளை முழுக்க மொட்டு.

இந்த விஷயத்தைத் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். தேயிலையில் பூ என்பது நல்ல சேதி இல்லை. கொழுந்துக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் பூவுக்கும் காய்க்கும் போய்விட்டது, செடியைக் கவனிக்க ஆளில்லை, செடி கைவிட்டுப்போகிறது என்று அதற்கு அர்த்தம். பூத்த மலையைத் துரை பார்த்தால் கங்காணிக்கு ஏச்சு, கங்காணி பார்த்தால் ஆளுக்கு ஏச்சு. பூவோடு நிற்கிற தேயிலையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவன் கவ்வாத்துக்காரனே இல்லை.

பாவம், இவ்வளவு நாளாக ஒருத்தரும் பார்க்காமல் விட்டுவிட்டார்களே என்று மருதமுத்து உண்மையாகவே இரக்கப்பட்டான். மேல்சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டான். அன்று முழுக்கவும் மறுநாள் பகல்வரையும் வெட்டினான். நிலம் எப்படிச் சரிகிறதோ அதே சரிவுக்கு, முழங்கால் உயரத்துக்கு, ஒரே சீராக. ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விட்டான். மொத்தமாக மொட்டையடித்தால் செடி செத்துவிடும், மூச்சு விட ஒரு கிளை இருக்க வேண்டும். அதை அவன் யோசித்துச் செய்யவில்லை, கை அதுபாட்டுக்குச் செய்தது. வெட்டி முடித்து நிமிர்ந்தபோது அவனுக்கு மனம் நிறைந்திருந்தது. இந்தப் பாடசாலைக்கு வந்து இன்றைக்குத்தான் ஒரு வேலை செய்தோம் என்று நினைத்தான்.

வேலி போனதும் இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. ஒன்று, வேலிக்குப் பின்னால் இத்தனை காலம் மறைந்திருந்த சமையற்காரப் பெண்களின் துணிக்கொடி. நாலாம் குழிக் கொடிக்குப் பின்னால் இப்போது ஏழெட்டு உள்பாவாடைகளும் காற்றில் பறந்தன. இரண்டாவது, வேரடியில் பந்துகள். அந்த வேலிக்குள் போன பந்து எதுவும் திரும்பி வந்ததில்லை போலிருக்கிறது. மஞ்சளித்தது, பிளந்தது, பாசி படிந்தது என்று ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினான்.

வெள்ளிக்கிழமை சேர் வந்தார். நேரே நாலாம் குழிக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வெட்டுப்பட்ட கிளைகளின் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு மொட்டைப் பிரித்து, உள்ளே இருந்த சிவப்பைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"உமக்கு இது பூ எண்டு தெரியேல்லையோ?"

"தெரிஞ்சுதாங்க சேர் வெட்டுனேன்," என்றான் மருதமுத்து. "பூ வந்துட்டா செடி வீணாப் போகுதுங்க. பாத்துட்டு எப்படிங்க சும்மா விடுறது?"

சேர் பிரித்த மொட்டை அவனிடம் நீட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தப் பூவுக்காகத்தான் நாங்கள் அதை வைச்சிருந்தனாங்கள், மருதமுத்து."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பூவுக்காக ஒரு செடியை வளர்ப்பார்கள் என்று தெரியாதவனா அவன், லயத்து வாசலில் விஜயலெட்சுமி வைத்த செவ்வந்தி இல்லையா? ஆனால் அந்த இலையைக் கையில் எடுத்த பிறகு அவன் கண் பூந்தோட்டத்துக் கண்ணாக இல்லாமல் போய்விட்டது. தப்பு அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம், ஆனால் ஆட்டம் மறுநாள்.

சனிக்கிழமை பழைய மாணவர்கள் வந்தார்கள். தலை நரைத்தவர்கள், வழுக்கையானவர்கள், மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர்கள். நாலாம் குழிக்கு வந்ததும் ஒவ்வொரு குழுவும் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிட்டது. ஒருவர், யார் வீட்டுப் பாவாடை என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சாக்கிலிருந்த பந்துகளைக் கண்டதும் வயதை மறந்து பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து கிளறி, இது என்னுடையது, அது உன்னுடையது என்று சண்டை பிடித்தார்கள். ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. நோயிலிருந்து எழுந்து, இந்த வருஷம்தான் கடைசியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்த ஒரு கிழவர், மொட்டை வேலியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். திரும்ப அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த வருஷம் படம் சிற்றாலயப் படிக்கட்டில் எடுக்கப்பட்டது. வெட்டச் சொன்னது நான்தான், பிழை என்னுடையது என்று சேர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தூரத்தில் மண்வெட்டியோடு நின்ற மருதமுத்து அதைக் கேட்டான். அவனை யாராவது நேரில் ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாக அலுவலர் அஷ்பாக் நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று இரண்டொருவர் சொன்னார்களாம், ஸ்ரீஸ்கந்தராஜா சேர்தான் ஒற்றைக் காலில் நின்று தடுத்தாராம். ஆகவே வேலை இருக்கிறது. ஆனால் இன்னுமொரு ஆறு மாதம் தற்காலிகம்தான். வீடு சும்மா கிடக்கக் கூடாது என்பதால், வெலிமடையிலிருந்து குடும்பத்தோடு வருகிற புது வேன் சாரதிக்கு அதைக் கொடுத்தாயிற்று. மருதமுத்து தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் புல்தான் வெட்டினான். வெட்டிய இடத்தையே மறுபடி வெட்டினான். சொல்வதா, மறைப்பதா என்பதுதான் மண்டையைக் குடைந்தது. சொன்னால் அவள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். சொல்லாமல் விட்டால் வந்துவிடுவாள். வந்த பிறகு எங்கே கூட்டிக்கொண்டு போவது? அதே இஸ்தோப்பு, அதே சேலை, பெட்டியோடு வாசலில் நிற்கிறவளைப் பார்த்து அண்ணி என்ன கேட்பாளோ அந்தக் கேள்வி. தன் ஆசைக்காக அவளை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. இரண்டு வருஷம் என்பதை நினைத்தால் இரவில் விரித்த பாய் அவ்வளவு அகலமாகத் தெரிந்தது. அவனுக்கு அவள் வேண்டும். வேறு அலங்காரமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவள் வேலை செய்கிற வீட்டார் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் அவளுக்குப் பேச நேரம் கிடைக்கும். இங்கே பாடசாலை விட்டு, பிள்ளைகள் மட்டைகளோடு மைதானத்துக்கு வருகிற நேரம். மருதமுத்து நாலாம் குழிக்குப் பக்கத்தில், வெட்டிய வேலியோரமாகப் புல்லில் உட்கார்ந்துகொண்டு அழைப்பை எடுத்தான். திரையில் விஜயலெட்சுமி தலையில் முக்காட்டோடு தெரிந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னங்க முகம் ஒரு மாதிரி இருக்கு என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டாள். ஆறு வருஷமாகக் கைப்பேசியில் முகம் பார்த்தே பழகியவளிடம் எதை மறைப்பது?

கைப்பேசியைத் திருப்பி வேலியைக் காட்டினான். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நடந்து காட்டினான். முழங்கால் உயரத்தில் வரிசையாக மொட்டைக் கொம்புகள். ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கிளை. அந்தக் கிளைகளில் இந்த வாரம் பூ விரிந்திருந்தது.

"கவ்வாத்து," என்றாள் அவள். குரல் ஒரு மாதிரி இளகிவிட்டது. "மூச்சுக்குக் கெளை விட்டிருக்கீங்க. நீங்க வெட்டுனதுதான்." பிறகு கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "இது தேயிலை இல்லையே. இது பூச்செடில்ல?"

"ம்."

"மொட்டு இருந்துச்சுன்னு வெட்டுனீங்களா?"

"ம்."

அவள் சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்த முடியவில்லை. முக்காடு நழுவி விழ, கண்ணில் தண்ணீர் வர, அந்த வெறும் வீட்டில் எதிரொலிக்கச் சிரித்தாள். மருதமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. இந்த ஒரு வாரமாக எத்தனை பேருக்கு அவன் விளக்கம் சொல்லியிருப்பான். அவளுக்கு ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூவைப் பார்த்ததும் அவன் கை ஏன் கத்திக்குப் போனது என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும் கேட்காமலே தெரிந்திருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தான்.

அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னான். நிரந்தரம் இல்லை. வீடு போய்விட்டது. வேன் சாரதியின் பெண்சாதி அந்தப் பச்சைக் கதவில் மாவிலை கட்டிவிட்டாள். வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டேன் என்றான். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு, அதற்குள் எப்படியாவது ஒரு வழி பண்ணுகிறேன் என்றான். சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

கைப்பேசியைக் கையில் பிடித்தபடி எழுந்து நடந்தாள். குசினியைத் தாண்டி, ஒரு சின்ன நடையைத் தாண்டி, ஓர் அறைக்கு முன்னால் போய் நின்று அதைக் காட்டினாள். ஒரு கட்டில், ஓர் அலுமாரி. வெள்ளைச் சாயம் பூசிய கதவு.

"இது என் ரூம். போன வருசந்தான் குடுத்தாங்க, ஒங்ககிட்ட சொல்லல. கதவு இருக்கு, உள்ள கொண்டி இருக்கு. தெனம் ராவைக்கு நான்தான் சாத்துறேன், விடியங்காட்டி நான்தான் தெறக்குறேன்." அவள் கதவைச் சாத்திக் காட்டினாள், திறந்து காட்டினாள். "அன்னைக்கிப் பீலியடியில கதவு கேட்டேந்தாங்க. ஒங்களோட உள்ள இருக்கத்தான் கேட்டேன். இங்க கதவு மட்டுந்தான் இருக்கு."

மருதமுத்து அண்ணியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் சொல்லவிடவில்லை. அண்ணி கேட்டால் கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போது தெரியும் என்றாள். பிறகு, ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

"வாறேன்னு மேடத்துக்கிட்டப் போன மாசமே சொல்லிட்டேங்க."

போன மாதம். அப்போது வேலி நின்றது, வீடும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அப்படியென்றால் வீட்டை நம்பித்தானே சொல்லியிருக்கிறாய் என்று அவன் கலங்கிப்போய்க் கேட்டான்.

"வீட்டப் பத்தி நான் எங்கங்க கேட்டேன்? நீங்கதான் எப்பப் பாத்தாலும் வீடு வீடுன்னு படம் அனுப்பிக்கிட்டிருந்தீங்க. ஒரு படத்துலயாவது நீங்க நின்னீங்களா?"

யோசித்துப் பார்த்தான். கதவு, ஜன்னல், குசினி, பேரிக்காய் மரம். ஒன்றில்கூட அவன் இல்லை. மருதமுத்துவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கைப்பேசியைப் புல்லில் மல்லாக்க வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மேலே மேட்டில் நாலாம் குழிக்கு அடிக்கக் காத்து நின்ற பிள்ளைகள், ஆள் ஏன் நகரவில்லை என்று எட்டிப் பார்த்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா சேர் கையைக் காட்டி அவர்களை நிற்கச் சொன்னார்.

கொஞ்சம் தேறியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுக்கக் கை நீட்டினான். புல்லுக்குள்ளிருந்து அவளுடைய குரல் வந்தது.

"எடுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். மரமெல்லாம் தெரியுது, வானம் தெரியுது. கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."

அவன் எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே புல்லில் படுத்துக்கொண்டான்.